ஷெட்டுக்குப் போன கைக்குட்டைகள்

1

மேசை மேல் இருந்த டிஷ்யூ பாக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. மீன் உருண்டை நூடுல்ஸில் இரண்டு வாய் போன பிறகு, எதிரே இருந்த பிரகாஷ், "தேவி பாவம்க்கா" என்று ஆரம்பித்தான் பாருங்கள், அந்தப் 'பாவம்' காதில் விழுந்ததும் பொறி தட்டியது.

இடம் சிங்கப்பூரில் ஜூரோங். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் உணவங்காடி. மத்தியான வேளையில் அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் பசிக்கும். கையில் தட்டோடு ஆட்கள் கொக்கு மாதிரி நிற்பார்கள், யார் எழுந்திருப்பார்கள் என்று. நான் நிற்பதில்லை. சில மாதங்களாக நின்றதே இல்லை. பிரகாஷ் முன்னாலேயே ஓடிப்போய், மின்விசிறிக்குக் கீழே உள்ள மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பான். இந்த ஊரில் அது செல்லும். காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று கிடந்தால் போதும், அதைத் தள்ளிவிட்டு உட்காரும் துணிச்சல் ஒருவருக்கும் வராது. இதற்கு 'சோப்' போடுவது என்று பெயரே இருக்கிறது. குளிக்கிற சோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதில் கை சுத்தமாவதில்லை.

பிரகாஷும் தேவியும் எங்கள் வரைபடப் பிரிவில் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அவர்கள் பம்புக்கும் வால்வுக்கும் படம் வரைவார்கள். நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். எங்கள் தொழிலில் இதற்குச் செக்கர் என்று பெயர். இருவரில் ஒருவருக்குத்தான் நிரந்தர இடம் இருக்கிறது. மற்றவருக்கு இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடியும். அதோடு வேலை அனுமதியும் போகும். அனுமதி போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். யார் பெயர் என்று மேலாளர் மிஸ்டர் டான் என்னைக் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும்.

"அந்த ஃபிளாஞ்சுல போல்ட் ஓட்டைய தப்பா போட்டிருந்தாக்கா தேவி. வெளிய போயிருந்தா அவ்ளோதான். நல்ல வேளை நான் பாத்து சரி பண்ணிட்டேன். அவகிட்டகூட சொல்லல. எதுக்குக்கா மனசு கஷ்டப்படணும்?" என்றான் பிரகாஷ். பிறகு, "சாப்பிடுங்கக்கா, ஆறிடப் போவுது" என்றான்.

அந்தக் கணத்தில் நான் ஜூரோங்கில் இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில், மின்சார ரயிலின் ஜன்னலோரத்தில், வரதராஜன் சாராக உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வலிக்கும் அதே இடது முட்டி எனக்கும் லேசாக வலித்தது.

2

வரதராஜன் சார் யார் என்று சொல்ல வேண்டும். எண்பதுகளின் கடைசியில் நான் கிண்டியில் ஒரு வால்வு கம்பெனியின் டிராயிங் ஆபீசில் வேலை பார்த்தேன். படித்து முடித்த சூட்டில் இருந்தேன். உலகத்தில் உள்ள எல்லா வால்வுகளையும் நானே திருத்தி வரைந்துவிடலாம் என்ற வேகம். சார் எங்கள் மேனேஜர். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார், ஒரு பைசா வாங்கமாட்டார், முட்டி வலி என்பதால் நிற்கவும் மாட்டார்.

அவர் வீடு மேற்குத் தாம்பரம். தாம்பரத்தில் ரயில் கிளம்புவதால் அங்கே ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் நிச்சயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது வெளியூர் நினைப்பு. குரோம்பேட்டைக்காரர்களும் சானடோரியக்காரர்களும் எதிர்த்திசை வண்டியில் ஏறித் தாம்பரம் வந்து, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். வண்டி வரும்போதே பாதி நிரம்பித்தான் வரும். முன்னுக்கு வர வேண்டுமானால் முதலில் பின்னால் போக வேண்டும் என்பதை நான் என் ஊர் ரயிலில்தான் கற்றுக்கொண்டேன்.

பாஸ்கர் குரோம்பேட்டை. என்னோடு அதே டிராயிங் ஆபீசில் அதே வேலை. தினமும் காலையில் பின்னோக்கி வந்து, ஜன்னலோரத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து வைத்து, சாருக்கு இடம் பிடிப்பார். நேர்மையானவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குரோம்பேட்டையில் குடியிருந்துகொண்டு தாம்பரத்திலிருந்தே சீசன் டிக்கெட் எடுத்திருந்தார். ரயில்வேயை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

இது பரவியது. ஒரு கைக்குட்டைக்கு இவ்வளவு செல்வாக்கு என்று தெரிந்த பிறகு எங்கள் ஆபீசிலேயே பல்லாவரத்திலிருந்து ஒருவர் பின்னால் வந்தார். மீனம்பாக்கத்திலிருந்து ஒருவர், சானடோரியத்திலிருந்து ஒருவர். சீக்கிரமே ஒரே பெட்டியில் சாருக்காக நாலு கைக்குட்டைகள் விரிந்தன. ஒன்று கட்டம் போட்டது, ஒன்று ஓரத்தில் பூ வேலை செய்தது. மனைவி தைத்தது என்றார்கள். அந்த அம்மாளுக்கு விஷயம் தெரியுமோ என்னவோ. சார் பிளாட்பாரத்தில் நின்று நாலு ஜன்னலையும் பார்ப்பார். நாலு ஜன்னலும், "சார், இங்க சார்!" என்று கூவும். அன்றைக்கு அவர் எந்தக் கைக்குட்டையில் உட்கார்ந்தார் என்று தெரிந்தால் போதும், அன்றைக்கு ஆபீசில் யார் குரல் ஓங்கும் என்று சொல்லிவிடலாம். அவர் பாவம், ஒருத்தர் மனமும் நோகாமல் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் முட்டி பாஸ்கரின் ஜன்னலுக்கே பழகிவிட்டது.

நான் எங்கே இருந்தேன்? ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, பக்கத்து லேடீஸ் பெட்டியில்.

3

இங்கே வந்து இறங்கிய புதிதில் எனக்கு இந்த ஊரின் மேல் பக்தியே வந்துவிட்டது. எங்கே போனாலும் எண் சீட்டு. குடிநுழைவு அலுவலகத்தில் ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுவரில் எண் மாறுகிறது, ஆள் எழுந்து போகிறார், அவ்வளவுதான். தெரிந்தவர், வேண்டியவர், "நம்ம ஆளு சார்" எதுவும் கிடையாது. எனக்குக் கண்ணில் நீர் தளும்பியது. திறமை இருந்தால் போதும் என்கிற ஊருக்கு வந்துவிட்டேன் என்று அம்மாவுக்கு எழுதினேன்.

கவுன்ட்டரில் மட்டும் ஒரு தகராறு. என் பெயர் எஸ்தர், அப்பா பெயர் ஞானமுத்து. குடும்பப் பெயர் என்ன என்றார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். இல்லாமல் எப்படி என்றார்கள். இரண்டு தலைமுறையாக எங்கள் குடும்பம் அது இல்லாமலே நடந்துகொண்டிருக்கிறது என்று என் டிகிரி ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பா பெயரைக் குடும்பப் பெயராக அடித்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு வரும் அரசாங்கக் கடிதங்களில் பாதி மிஸ்டர் ஞானமுத்துவுக்கு வருகின்றன. சேலையூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், ஜூரோங்கில் பம்பு வரைகிறார். அப்பாவிடம் சொன்னேன். "சம்பளமும் என் பேர்லதான் வருதாம்மா?" என்று கேட்டார்.

ஆனால் எண் சீட்டு அலுவலகத்தோடு முடிந்துவிடுகிறது என்று புரியச் சில வருடங்கள் ஆயின. சாப்பாட்டு மேசைக்கு எண் சீட்டு கிடையாது. யாருடைய ஒப்பந்தம் நீளும், யாரைப் புதிய வேலைக்குப் போடுவது என்பதெல்லாம் அந்த மேசையில்தான் வேகிறது. இந்த ஊரில் ஒரு அதிகாரிக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தால் ஜெயில். ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தால் மரியாதை.

எங்கள் வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. என் மகன் ஜோயலுக்கு ஐந்து வயது. "முடியும்" என்ற சொல்லை அவன் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியவில்லை. எதற்கும் "கேன்", முடியாவிட்டால் "கேனாட்". டி.வி. முன்னால் சோபாவில் தன் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுக் குளிக்கப் போவான். நான் நகர்த்தினால், "அம்மா, தட் ஒன் சோப் ஆல்ரெடி!" என்று அழுவான். போன விடுமுறைக்குத் தாம்பரம் கூட்டிப் போனபோது, அவனுக்கு எங்கள் தெருவில் ஒன்றும் ஒட்டவில்லை. கொசு, கரண்ட் கட், அவன் தமிழைக் கேட்டுச் சிரிக்கும் சித்தப்பா பிள்ளைகள். மின்சார ரயிலில் ஏறியபோதுதான் முகம் மலர்ந்தது. காலி இருக்கையில் கிடந்த கைக்குட்டையைக் காட்டி, "அம்மா, சேம் சேம்!" என்றான். அவன் தன் சொந்த ஊரை அடையாளம் கண்டுகொண்ட ஒரே தருணம் அது.

4

லேடீஸ் பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே இருந்த தடுப்பின் மேல்பாதி கம்பி. ஆண்களையும் பெண்களையும் பிரிப்பதற்கு அது போதும்; பேச்சைப் பிரிப்பதற்குப் போதாது. நான் அந்தக் கம்பியோரம் உட்காருவேன். அந்தப் பக்கம் சாரும் பாஸ்கரும். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை எங்கள் கம்பெனியின் நிர்வாகம் முழுவதும் என் காதுக்கு அருகில் நடக்கும்.

அப்போது ஆபீசில் செக்கர் வேலை ஒன்று காலியானது. எனக்கா பாஸ்கருக்கா என்று பேச்சு. எனக்கு அது வெறும் பதவி உயர்வாகத் தெரியவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். செக்கர் ஆகிவிட்டால் வேலையை விடமாட்டேன் என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும். ஆகாவிட்டால், "அங்க என்னத்த கிழிச்சே, போதும் வா" என்பார்கள். அதற்குப் பதில் என்னிடம் இருக்காது.

ஒருநாள் பாஸ்கரின் படத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். வால்வு மூடியை இறுக்கும் போல்ட்டுக்கு ஸ்பேனர் நுழைய இடமே விடவில்லை. படத்தில் அழகாக இருந்தது; செய்தால் முடுக்க முடியாது. அவரிடமே காட்டினேன். "அய்யோ, தேங்க்ஸ் எஸ்தர்" என்றார். மறுநாள் காலை கம்பிக்கு அந்தப் பக்கம்:

"எஸ்தர் பாவம் சார். நேத்து ஒரு சின்ன தப்பு. ஸ்பேனரே உள்ள போவாது. நான் பாத்து சரி பண்ணிட்டேன். நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க சார், மனசு கஷ்டப்படும்."

"ஓஹோ. நல்ல பொண்ணுதான். கவனம் பத்தல போலருக்கு" என்றார் சார்.

எனக்கு எதிரே தினமும் ஒரு பூக்கார அம்மாள் உட்கார்ந்து வழி முழுவதும் பூ கட்டுவார். கூடைக்கு ஒரு இடம், தனக்கு ஒரு இடம், நீட்டிய காலுக்கு ஒரு இடம். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, உன்னத்தான சொல்றான் அவன்? கேட்டுகினு கம்முனு குந்திகினு கீறியே!"

"கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்து என்னம்மா சொல்றது?"

"அப்ப அந்தப் பக்கம் போ. போயி நீயும் ஒரு கர்சீப்ப போடு. உங்கிட்ட இல்லாட்டி நான் தரேன்" என்று பூவை மூடியிருந்த ஈரத் துணியைத் தூக்கிக் காட்டினார். பெட்டியே சிரித்தது.

சிரிப்பில் ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாள் பொதுப் பெட்டியில் ஏறினேன். சார் ஜன்னலோரத்தில் இருந்தார். பாஸ்கர் வாயைத் திறப்பதற்குள் ஸ்பேனர் கதையைச் சொல்லிவிடுவதாகத் திட்டம். நான் போய் நின்றதுதான் தாமதம், சார் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"என்னம்மா நிக்கறே? உக்காரு, உக்காரு."

"இல்ல சார், நீங்க..."

"பொம்பளப் புள்ள நின்னுக்கிட்டு வரதா? உக்காரும்மா!"

பெட்டியில் உள்ளவர்கள் எல்லாரும், "உக்காரும்மா, பெரியவர் சொல்றாரில்ல" என்றார்கள். உட்கார்ந்தேன். பாஸ்கரின் கைக்குட்டை மேல் நான். கிண்டி வரை வலிக்கும் முட்டியோடு நின்றுகொண்டு சார். பாஸ்கர் எழுந்து இடம் கொடுத்ததற்கும், "நீ உக்காருப்பா, நான் அடுத்த ஸ்டேஷன்ல பாத்துக்கறேன்" என்று மறுத்துவிட்டார். ஸ்பேனர் கதையைச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. அன்றைக்கு ஆபீசில் நான் யாரென்றால், சாரின் இடத்தைப் பிடித்துக்கொண்டவள். குறுக்கு வழியிலும் ஆண்களுக்குத் தனி வழி, பெண்களுக்குத் தனி வழி என்று அன்று புரிந்தது. பெண்களுக்கான வழியில் மரியாதை என்ற கல் ஒன்று கிடக்கும், தடுக்கிவிடும்.

5

இப்போது ஷெட் கதை.

தாம்பரத்திலிருந்து வண்டிகள் பீச் ஸ்டேஷன் வரை போகும்; சில மட்டும் ஓட்டத்தை முடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போகும். தாம்பரத்தில் இடம் கிடைக்காதவர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. வண்டி வந்து நின்றதும், "இது பீச்சு போவாது! ஷெட்டுக்குப் போவுது!" என்று யாராவது கத்துவார்கள். உட்கார்ந்திருக்கும் புதியவர்கள் பதறி இறங்குவார்கள். கத்தினவர் ஏறி உட்கார்ந்துகொள்வார். பழகினவர்கள் அசையமாட்டார்கள். பின்னோக்கி வருகிறவர்களுக்கு இது முதல் பாடம்: ஷெட் என்று எவன் சொன்னாலும் நம்பாதே.

பம்பாயிலிருந்து ஒரு பெரிய கம்பெனி ஆட்கள் எங்கள் வால்வுகளைப் பற்றிப் பேச வருவதாக இருந்த அன்று காலை, வண்டி வந்து நின்றது. நாலு கைக்குட்டைகளும் விரிந்திருந்தன. சார் ஏறக் கால் வைத்தபோது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: இந்த வண்டி பணிமனைக்குச் செல்லும், பயணிகள் எதிர் பிளாட்பாரத்துக்கு மாறவும். சார் காலை எடுத்துக்கொண்டார்.

"யோவ் பாஸ்கர், இறங்குய்யா. ஷெட்டுக்குப் போவுதாம்."

"சார், நம்பாதீங்க சார்! எவனோ மைக்க புடிச்சுட்டான். நீங்க ஏறுங்க சார்!"

பல்லாவரத்துக்காரர் அடுத்த ஜன்னலிலிருந்து, "மச்சான், நீ எறங்கிடு. நான் சாருக்கு இடம் பாத்துக்கறேன்" என்றார். இது பாஸ்கருக்குப் போதுமானதாக இருந்தது. போட்டியாளன் இறங்கு என்கிறான் என்றால் இறங்கவே கூடாது. பாஸ்கர் இறங்காததால் பல்லாவரமும் இறங்கவில்லை. பல்லாவரம் இறங்காததால் மீனம்பாக்கமும் சானடோரியமும். நாலு பேரும் நாலு கைக்குட்டைக்குக் காவல் இருக்க, பெட்டியில் மற்ற அத்தனை பேரும் இறங்கிப் போனார்கள். காலிப் பெட்டியில், ஊருக்கே போதுமான இருக்கைகளுக்கு நடுவில், அவர்கள் நாலு இருக்கைகளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நகர்ந்தது. கிண்டிப் பக்கம் போகாமல் மெதுவாக வளைந்து ஷெட்டுக்குள் போனது. கடைசி வரை பாஸ்கரின் கை ஜன்னலுக்கு வெளியே, "சார், ஏறுங்க சார்" என்று ஆடிக்கொண்டிருந்ததை எதிர் பிளாட்பாரத்துக்கு மாறிய நானும் பூக்கார அம்மாளும் பார்த்தோம்.

"குளிப்பாட்டிதான் அனுப்புவான்" என்றார் அவர். சரியாகத்தான் சொன்னார். ஷெட்டில் பெட்டிகளைக் கழுவப் பீய்ச்சிய தண்ணீரில் நாலு பேரும் தொப்பலாக நனைந்து, மத்தியானத்துக்கு மேல் ஆபீஸ் வந்து சேர்ந்தார்கள்.

அதற்குள் பம்பாய் ஆட்கள் வந்து போய்விட்டார்கள். டிராயிங் ஆபீசில் இருந்தவள் நான் ஒருத்திதான். எல்லாப் படங்களையும் நானே விரித்து விளக்கினேன். ஸ்பேனருக்கு ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. அந்த ஆர்டர் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. சார் என் தோளைத் தட்டாத குறை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "முடிஞ்சிடுச்சும்மா, நான்தான் செக்கர்" என்றேன்.

அடுத்த வாரம் பாஸ்கர் செக்கர் ஆனார்.

நான் நேராகச் சார் அறைக்குப் போனேன். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. இதுதான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாதது. அவர் மனசாட்சி அவ்வளவு தெளிவாக இருந்தது.

"அன்னிக்கு நீ பிரமாதமா பண்ணேம்மா. நான் இல்லேங்கல. ஆனா எனக்காக ஷெட்டு வரைக்கும் போனவன்மா அவன். அவனுக்கு நான் செய்யலேன்னா நான் மனுஷனா, சொல்லு?"

"அப்ப மத்த மூணு பேரும் போனாங்களே சார்?"

கொஞ்சம் யோசித்தார். "அவங்க பாஸ்கருக்காகப் போனாங்க."

இவ்வளவு கச்சிதமான தீர்ப்பை நான் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. கதவு வரை போனவளைக் கூப்பிட்டு, "உனக்கென்னம்மா, கல்யாணம் ஆகிப் போயிடுவே" என்று ஆறுதலும் சொன்னார்.

போனேன். கல்யாணம் ஆகி, கணவர் சாமுவேலோடு இங்கே. அம்மா போன மாதம் போனில் சொன்னாள், பாஸ்கர் திருமுடிவாக்கத்தில் சொந்தமாக வால்வு பட்டறை வைத்திருக்கிறாராம், கார் வாங்கிவிட்டாராம். காரில் போகிறவருக்கு இடம் பிடிக்க முடியாதே என்று அங்கே வேலை செய்கிறவர்களை நினைத்துக் கவலைப்பட்டேன்.

6

ஆகவே, நூடுல்ஸ் தட்டுக்கு முன்னால் நான் வரதராஜன் சாராகிப் போனது எனக்கு வெறும் வேடிக்கையாக இல்லை. அதைவிட மோசம்: சுகமாக இருந்தது. மின்விசிறிக் காற்று, ஓடிப்போய் இடம் பிடிக்க ஒரு தம்பி, "அக்கா" என்று ஊர்க் குரல். பிரகாஷ் கெட்டவன் இல்லை. என் மகனுக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுப்பான். ஊரில் தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள், அவனுக்கும் இந்த வேலை வேண்டும். மிஸ்டர் டானிடம் சொல்ல என் நாக்கு நுனியில் அவன் பெயர் தயாராகவே இருந்தது. தேவி எப்படி வேலை செய்வாள் என்று யோசித்தால், அவள் 'பாவம்' என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் பிரகாஷ் சொல்லித்தான்.

சாப்பிட்டுத் திரும்பியதும் நேராகத் தேவியின் மேசைக்குப் போனேன். தேவி மலேசியாக்காரி. ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் பஸ் ஏறிப் பாலம் கடந்து வருகிறவள். சாயங்காலம் ஒரு நிமிடம்கூட நின்று பேசமாட்டாள், பஸ் போய்விடும். மேசையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள்.

"தேவி, அந்த ஃபிளாஞ்சு படத்துல ஓட்டை தப்பா இருந்துச்சாமே?"

"ஆமா அக்கா, இருந்துச்சு."

"யாரு போட்டது?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பிரகாஷ் என்னா சொன்னாரு?"

என் கண் அவள் கம்ப்யூட்டர் திரைக்குப் போனது.

"நான் சொன்னா நான் சொல்றது, அவரு சொன்னா அவரு சொல்றது. ஒரே படத்துல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வேல செஞ்சோம், கம்ப்யூட்டர்ல இப்ப என்னாத்த கண்டுபுடிப்பீங்க? நீங்களே அன்னிக்கு வந்து பாத்திருக்கலாம்ல? உங்க மேசக்கும் என் மேசக்கும் எவ்வளவு தூரம்?"

"சாப்பாட்டுக்கு ஏன் எங்ககூட வரமாட்டேங்கறே?" என்று பேச்சை மாற்றினேன். மாற்றியதாக நினைத்தேன்.

"வந்தேனே! ஒரு தடவ தட்டோட வந்தேன். காலியா இருந்த நாற்காலில டிஷ்யூ. 'இது அக்காவுக்கு'ன்னாரு. பக்கத்துலயும் டிஷ்யூ. 'அது அக்கா பைக்கு'ன்னாரு. ஒங்க பைக்கு கெடச்ச எடம் எனக்குக் கெடைக்கல லா, அக்கா. நின்னுக்கிட்டே சாப்புட்டுப் போய்ட்டேன்."

என் பை அன்று உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வசதியாகத்தான் உட்கார்ந்திருந்தது.

7

ராத்திரி சாமுவேலிடம் சொன்னேன். "அப்ப தேவி பேரக் குடுத்துடு. முடிஞ்சுது" என்றார். நானும் அப்படித்தான் முதலில் துள்ளினேன். எனக்கு எதற்கும் துள்ளல்தான் முதலில். பிறகு ஒரு சந்தேகம் வந்து குத்தியது. நான் தேவி பெயரைக் கொடுப்பது அவள் நன்றாக வரைகிறாள் என்பதாலா, அவள் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த எஸ்தர் மாதிரி இருக்கிறாள் என்பதாலா? இரண்டாவது என்றால், அவளும் தனக்கே தெரியாமல் எனக்கு ஒரு கைக்குட்டையை விரித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம். நான் மட்டும் வேறு ஜன்னலில் ஏறி உட்காருகிறேன். சாருக்கும் மனசாட்சி தெளிவாகத்தான் இருந்தது.

முதலில் டிஷ்யூவை நிறுத்துவோம் என்று செவ்வாய்க்கிழமை பிரகாஷைக் கூப்பிட்டேன்.

"நாளைலேருந்து எனக்கு இடம் போடாத பிரகாஷ். நான் நின்னுக்கறேன்."

 மெதுவாக அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, பையன் குரோம்பேட்டை.

"என்னக்கா, வண்டி ஷெட்டுக்குப் போவுதுன்றீங்களா?"

"நெஜமாத்தான்டா சொல்றேன்."

"எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்வாங்க" என்று போய்விட்டான். புதன்கிழமை மேசையில் மூன்று பாக்கெட்டுகள் இருந்தன. மூன்றாவது, என் குடைக்கு. நான் தட்டோடு தூணோரம் நின்று சாப்பிட்டேன். அவன் இறங்கவில்லை. காலி நாற்காலிகளைக் காத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான், எதிரே கூட்டம் நின்றுகொண்டிருக்க. அவனைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. அவனை ஷெட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பதே நான்தான் என்று தோன்றியது. இத்தனை மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கு வழி சொல்லிக் கொடுத்தவள் நான். சொல்லி நிறுத்தினால் நம்பமாட்டான். ஊர்ப் படிப்பு அப்படி.

அதனால் நாளைக்கு, வியாழக்கிழமை, இரண்டு காரியம் செய்து பார்க்கப் போகிறேன்.

காலையில் இருவருக்கும் ஒரே வால்வைக் கொடுத்துத் தனித்தனியாக வரையச் சொல்வேன். படத்தின் மூலையில் வரைந்தவர் பெயர் வரும் கட்டத்தைக் காகிதம் ஒட்டி மறைத்து, எது யாருடையது என்று எனக்கே தெரியாதபடி கலைத்துத் தரச் சொல்லிப் பக்கத்துப் பிரிவில் கேட்டிருக்கிறேன். ஸ்பேனர் நுழைகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். எந்தப் படம் தேறுகிறதோ, காகிதத்தைப் பிரித்தால் எந்தப் பெயர் வருகிறதோ, அந்தப் பெயரை வெள்ளிக்கிழமை சொல்வேன். பிரகாஷ் பெயராகவே இருந்தாலும். தேவிக்கு இது நியாயமா என்று கேட்டால், ஒருநாள் தேர்வு முழு நியாயமாகாதுதான். தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவே நடந்ததைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

மத்தியானம் எல்லாருக்கும் முன்னால் நானே கீழே ஓடிப்போய் மின்விசிறி மேசையைப் பிடிக்கப் போகிறேன். மேசைக்கு நாலு நாற்காலி. ஒன்றில் நான். தேவிக்கு ஒரு பாக்கெட், பிரகாஷுக்கு ஒரு பாக்கெட். பாக்கெட்டுகளை இப்போதே கைப்பையில் போட்டுவிட்டேன், ஜோயல் பார்த்துவிட்டு, "அம்மா ஆல்சோ சோப்!" என்று கைதட்டினான். பை, குடை இரண்டும் தரையில்.

நாலாவது நாற்காலி திறந்த நாற்காலி. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எல்லாம் யோசித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அது நிரம்பிய பிறகு மிஸ்டர் டான் கையில் தட்டோடு வந்து எனக்கு எதிரே நின்றால், என் கால்கள் தாமாக எழுந்துவிடாமல் இருக்குமா?

நாளைக்கு முதலில் அதைத்தான் முயன்று பார்க்க வேண்டும்.